ஒரு கிலோமீட்டர் கணக்கு: பள்ளியில் இடம் கேட்கும்முன் தெரிந்துகொள்ள வேண்டியது

கன்னியாகுமரி மாவட்டம் குழித்துறை ஆற்றங்கரையிலிருந்து ஒரு பாட்டி பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் கணினி மையத்துக்கு வந்திருந்தார். ஆர்.டி.இ. என்கிற கல்வி உரிமைச் சட்டத்தின்படி தனியார் பள்ளியில் இலவச இடம் கேட்டு விண்ணப்பம் போட வேண்டும். பிறப்புச் சான்றிதழ், ரேஷன் கார்டு, ஆதார், சாதிச் சான்றிதழ், இரண்டு போட்டோ எல்லாம் ஒரு ஜவுளிக்கடைப் பைக்குள் பத்திரமாக இருந்தன. அவர் சொன்ன பள்ளியைத் தேடினேன். அவர் வீட்டுக்கு வந்த பட்டியலில் அது இல்லை.

"மக்களே, எங்க முற்றத்துல நிண்ணா அந்தப் பள்ளிக்கூடத்து மணி கேக்கும். பின்ன எப்படி தூரம்னு சொல்லுது?" என்றார்.

அவர் சொன்னது உண்மைதான். பள்ளி ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிறது. ஆறு குறுக்கே இல்லாவிட்டால் எட்டு நிமிட நடை. பாலம் சுற்றிப் போனால் இரண்டரை கிலோமீட்டருக்கு மேல். அந்தப் பாட்டிக்கு அன்று நான் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். ஒவ்வோர் ஆண்டும் நல்ல தகுதியுள்ள பிள்ளைகள் இந்தத் தூரக் கணக்கு புரியாததால் மட்டும் இடம் இழப்பதைப் பார்க்கிறேன். மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

முதலில் அடிப்படை. ஒரு பள்ளிக்கு எந்தப் பகுதியிலிருந்து பிள்ளைகள் வர வேண்டும் என்று ஒரு எல்லை வைத்துக்கொள்வது உலகம் முழுக்க உள்ள பழக்கம். நம்மூரில் அதற்கு 'அருகமைப் பள்ளி' என்று பெயர். 2009இல் நாடாளுமன்றம் நிறைவேற்றி, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம்தான் இதற்கு அடிப்படை. 6 முதல் 14 வயது வரை உள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியில் இலவசமாகப் படிக்க உரிமை உண்டு என்று அது சொல்கிறது. பக்கம் என்றால் எவ்வளவு பக்கம்? 1 முதல் 5 வரையான வகுப்புகளுக்கு 1 கி.மீ. நடைதூரம், 6 முதல் 8 வரை 3 கி.மீ.

இங்கே பலரும் குழம்புகிறார்கள். அரசுப் பள்ளியைப் பொறுத்தவரை இந்த 1 கிலோமீட்டர் அரசுக்கு விதிக்கப்பட்ட கடமை. உங்கள் பிள்ளை நடந்து போகிற தூரத்துக்குள் ஒரு பள்ளி இருக்கும்படி பார்த்துக்கொள்வது அரசின் பொறுப்பு. அதற்காக நீங்கள் அந்த ஒரு பள்ளியில்தான் சேர்க்க வேண்டும் என்று இல்லை. இரணியலில் வீடு இருந்து, தினமும் தக்கலைக்கு வேலைக்குப் போகிற ஒரு அம்மா பிள்ளையைத் தக்கலை அரசுப் பள்ளியில் சேர்க்க நினைத்தால், தாராளமாகச் சேர்க்கலாம். "நீங்க எங்க பஞ்சாயத்து இல்லையே" என்று யாராவது சொன்னால் அது சட்டத்தில் உள்ள காரணம் கிடையாது.

தனியார் பள்ளி விஷயத்தில் கதை மாறுகிறது. அங்கேதான் 1 கிலோமீட்டர் ஒரு கோடாக வந்து நிற்கிறது. சட்டத்தின் 12(1)(இ) பிரிவு, அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடங்களைப் பின்தங்கிய, ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குத் தர வேண்டும் என்கிறது. கட்டணத்தை அரசு பள்ளிக்குத் திருப்பித் தரும். எல்லோரும் 'ஆர்.டி.இ. சீட்டு' என்று சொல்வது இதைத்தான். தமிழ்நாட்டில் இந்த இடத்துக்கு வீடு பள்ளியிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும்.

நுழைவு வகுப்பு என்ற சொல்லைக் கவனியுங்கள். எல்.கே.ஜி.யில் தொடங்கும் பள்ளி என்றால் எல்.கே.ஜி., 1ஆம் வகுப்பில் தொடங்கும் பள்ளி என்றால் 1ஆம் வகுப்பு. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு இதில் விண்ணப்பிக்க வழியில்லை. வயதுக் கணக்கு ஜூலை 31 அன்று: எல்.கே.ஜி.க்கு 3 முடிந்திருக்க வேண்டும், 1ஆம் வகுப்புக்கு 5. ஆகஸ்ட் முதல் வாரத்தில் பிறந்த பிள்ளையோடு வருகிறவர்களுக்கு இதைச் சொல்ல எனக்கே கஷ்டமாக இருக்கும். ஆனால் நாலு நாள் வித்தியாசம் என்றாலும் அடுத்த ஆண்டுதான்.

வருமானம் பற்றிய தவறான எண்ணமும் நிறைய. 2 லட்சம் ரூபாய் ஆண்டு வருமான வரம்பு நலிவடைந்த பிரிவு என்ற வகையில் விண்ணப்பிப்பவர்களுக்கு. பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர் என்று வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவில் விண்ணப்பித்தால் சாதிச் சான்றிதழ் போதும், வருமானச் சான்றிதழ் கேட்பதில்லை. நம் மாவட்டத்தில் பெரும்பாலான குடும்பங்கள் இந்தப் பிரிவுகளில் ஏதாவது ஒன்றில் வந்துவிடும். ஆனாலும் எத்தனையோ பேர் வருமானச் சான்றிதழுக்காக வில்லேஜ் ஆபீசுக்கு நடையாய் நடந்து, கடைசித் தேதியைத் தவற விடுகிறார்கள்.

இனி, கன்னியாகுமரி மாவட்டத்துக்கே உரிய ஒரு சிக்கல். இது தெரியாமல் இங்கே யாரும் விண்ணப்பிக்கக் கூடாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் மிஷனைச் சேர்ந்த ரிங்கல்தௌபே மயிலாடியில் பணி தொடங்கிய காலம் முதல், இந்த மண்ணில் கோயிலுக்குப் பக்கத்தில் பள்ளிக்கூடம் என்பது வழக்கமாகிவிட்டது. (இங்கே சர்ச்சையும் கோயில் என்றுதான் சொல்வோம்.) அதனால்தான் எழுத்தறிவில் முன்னால் நிற்கிறோம், அந்தப் பெருமை நமக்கு எப்போதும் உண்டு. ஆனால் 2014 மே மாதம் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, பிரமதி அறக்கட்டளை வழக்கில், சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்குக் கல்வி உரிமைச் சட்டம் பொருந்தாது என்று தீர்ப்புச் சொன்னது. உதவி பெறும் பள்ளியானாலும் பெறாத பள்ளியானாலும் இதே நிலைதான். ஆக, சிறுபான்மைத் தகுதி உள்ள கிறிஸ்தவ சபைப் பள்ளியில் 25 சதவீத இடம் இருக்காது. வீட்டு வாசலில் பெரிய பள்ளி நிற்கும், பட்டியலில் அதன் பெயர் வராது. "சைட்டு சரியில்ல" என்று நினைத்து மூன்று நாள் தொடர்ந்து முயன்றவர்களைப் பார்த்திருக்கிறேன். சைட்டில் பிழை இல்லை, அந்தப் பள்ளி இந்தக் கணக்குக்கு வெளியே இருக்கிறது. 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, பிரமதி தீர்ப்பு சரிதானா என்று சந்தேகம் எழுப்பி, பெரிய அமர்வு பார்க்கட்டும் என்று தலைமை நீதிபதிக்கு அனுப்பியது. அந்தக் கேள்விக்குப் பெரிய அமர்வின் பதில் வரும்வரை 2014 தீர்ப்புதான் செல்லும்.

அதே சபைகள் நடத்தும் அரசு உதவி பெறும் பள்ளிகளை மறந்துவிடாதீர்கள். குமரியில் அவை மூலைக்கு மூலை உண்டு. ஆசிரியருக்கு அரசு சம்பளம் தருகிற பிரிவில் நேராகப் போய்ச் சேர்க்கலாம். தூரக் கணக்கு, குலுக்கல் எதுவும் வேண்டாம். சில பள்ளிகளில் சுயநிதி ஆங்கில வழி வகுப்பும் அதே வளாகத்தில் நடக்கும். அதற்குக் கட்டணம் உண்டு. எந்தப் பிரிவில் பெயர் எழுதுகிறார்கள் என்று முதலிலேயே வாய்திறந்து கேட்டுவிடுங்கள். ஊர்ப்புறத்து உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளுக்கு 2024 ஜூலை முதல் முதலமைச்சரின் காலை உணவும் வந்துவிட்டது.

சரி, தூரத்துக்கு வருவோம். தஞ்சாவூர்ப் பக்கம் ஊர் என்றால் வீடுகள் ஒரே இடத்தில் நெருக்கமாக இருக்கும், சுற்றி வயல். நம்ம பக்கம் அப்படி இல்லை. ஒவ்வொரு விளைக்குள்ளும் (தோட்டத்துக்குள்ளும்) ஒரு வீடு, அதற்கு ஒரு ஒற்றையடிப் பாதை, நடுவில் ரப்பர் தோட்டம், ஓடை, சானல் கரை. தபால் முகவரியை மட்டும் வைத்து வரைபடத்தில் தேடினால் அது பெரும்பாலும் போஸ்ட் ஆபீசையோ ஊரின் முக்கு ரோட்டையோ காட்டும். வீடு அங்கிருந்து முக்கால் கிலோமீட்டர் தள்ளி இருக்கும். இந்த முக்கால் கிலோமீட்டரில்தான் ஒரு பிள்ளையின் இடம் போகிறது.

நான் செய்வது இதுதான். விண்ணப்பிக்க வருவதற்கு முந்தின நாளே, வீட்டு முற்றத்தில் நின்று போனில் லொகேஷனைப் போட்டு வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பச் சொல்வேன். ரோட்டில் நின்றோ பஸ் ஸ்டாப்பில் நின்றோ அனுப்பினால் பயன் இல்லை. மறுநாள் அந்தப் புள்ளியை வரைபடத்தில் பெரிதாக்கி, "இந்தக் கிணறு உங்களுதா? பக்கத்துல இந்த ஓட்டு வீடு யாரோடது?" என்று கேட்பேன். அவர்கள் தலையாட்டிய பிறகுதான் வீட்டின் இடத்தைக் குறிப்பேன். பிறகு அந்த இடத்துக்கு வரும் பள்ளிப் பட்டியலைப் பார்த்து, ஒன்றுக்கு மேற்பட்ட பள்ளிகளைத் தேர்ந்தெடுக்கலாம். ஒரே பள்ளியை மட்டும் போட்டுவிட்டு உட்காராதீர்கள் என்று எல்லோரிடமும் கெஞ்சாத குறையாகச் சொல்கிறேன்.

பஞ்சாயத்து எல்லை இதில் வேலை செய்யாது. பேரூராட்சிகள் ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கும் மாவட்டம் இது. அடுத்த பேரூராட்சியில் உள்ள பள்ளி 600 மீட்டரில் இருந்தால் அதற்கு விண்ணப்பிக்கலாம். மாநில எல்லை மட்டும் வேறு. களியக்காவிளையில் இருந்து பார்த்தால் கேரளத்துப் பாறசாலை கூப்பிடு தூரம்தான். 1956 நவம்பர் 1 வரை எல்லாமே திருவிதாங்கூர், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி என்று ஒரே ஆட்சியின்கீழ் இருந்ததால் உறவும் சந்தையும் இன்னும் எல்லை பார்ப்பதில்லை. ஆனால் தமிழ்நாட்டு ஆர்.டி.இ. பட்டியலில் தமிழ்நாட்டுப் பள்ளிகள் மட்டுமே வரும்.

அப்புறம் முகவரி. பிள்ளை உண்மையிலேயே தூங்கி எழுகிற வீட்டைத்தான் கொடுக்க வேண்டும். பள்ளிக்குப் பக்கத்தில் இருக்கும் சித்தி வீட்டு முகவரியைப் போடலாமா என்று கேட்காத ஆண்டே இல்லை. வேண்டாம். ரேஷன் கார்டில் ஒன்று, ஆதாரில் ஒன்று, விண்ணப்பத்தில் ஒன்று என்று இருந்தால் சரிபார்க்கும்போது விண்ணப்பம் நிராகரிக்கப்படும். அதோடு, உண்மையாகவே அந்த 1 கிலோமீட்டருக்குள் வசிக்கிற இன்னொரு ஏழைப் பிள்ளையின் இடத்தை நாம் எடுத்துக்கொள்கிறோம். வாடகை வீட்டில் இருப்பவர்கள் சேர்க்கைக்கு மூன்று நான்கு மாதம் முன்பே ஆதார் முகவரியை மாற்றி வைத்துக்கொள்வது நல்லது. கடலோரத்திலிருந்து வேலைக்காக நாகர்கோவில் வந்து தங்கிய குடும்பங்கள் இதில்தான் அதிகம் மாட்டிக்கொள்கின்றன.

எல்லைக்குள் இருந்தால் இடம் உறுதியா? இல்லை. எல்லைக்குள் இருப்பது வரிசையில் நிற்க அனுமதி, அவ்வளவுதான். எல்.கே.ஜி.யில் 40 இடம் என்றால் ஆர்.டி.இ.க்கு 10. அந்த 10க்கு 35 பேர் விண்ணப்பித்தால் குலுக்கல். ஆதரவற்ற குழந்தைகள், எச்.ஐ.வி. பாதிப்புக்கு உள்ளானவர்கள், மூன்றாம் பாலினத்தவர், துப்புரவுப் பணியாளரின் பிள்ளைகள், மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் ஆகியோருக்குக் குலுக்கல் இல்லாமலே முன்னுரிமை. மற்றவர்களுக்குப் பெற்றோர் முன்னிலையில் சீட்டு எடுப்பார்கள். அந்த நாளில் கட்டாயம் போங்கள். பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தேர்வு, நேர்காணல் வைக்க எந்தப் பள்ளிக்கும் அதிகாரம் கிடையாது. சட்டத்தின் 13ஆம் பிரிவு அதற்கு முதல் முறை 25,000 ரூபாய் வரை அபராதம் என்கிறது.

அந்தப் பாட்டியின் பேரனுக்கு இக்கரையில் இரண்டு பள்ளிகள் பட்டியலில் வந்தன. இரண்டுக்கும் போட்டோம். ஒன்றில் குலுக்கலில் பெயர் வரவில்லை. மற்றதில் காத்திருப்புப் பட்டியலில் இரண்டாவது. ஜூன் கடைசியில்தான் கூப்பிட்டார்கள்.

இந்தச் சேர்க்கை வழக்கமாக ஏப்ரல் 20 வாக்கில் தொடங்கி மே 20 வாக்கில் முடியும். 2025-26இல் ஒன்றிய அரசின் நிதி வராமல் இழுத்தடிக்கப்பட்டு, அக்டோபரில்தான் தொடங்கியது. அந்த ஆண்டு பெற்றோர் பட்ட பாட்டை அருகிலிருந்து பார்த்தவன் நான். ஆகவே ஒரு யோசனை: ஆர்.டி.இ.யை மட்டும் நம்பி வேறு பள்ளியில் பெயர் எழுதாமல் காத்திருக்காதீர்கள். அரசுப் பள்ளியில் சேர்க்கை மார்ச் மாதமே தொடங்கிவிடுகிறது. கடைசித் தேதி போய்விட்டது என்று அரசுப் பள்ளி உங்களைத் திருப்பி அனுப்பவும் முடியாது. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானாலும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று, இது பலருக்கும் எட்டாம் வகுப்பு முடிகிறபோதுதான் தெரிகிறது: ஆர்.டி.இ. இடம் 8ஆம் வகுப்பு வரைதான். 9ஆம் வகுப்புக்கு முழுக் கட்டணம் கேட்பார்கள். அந்த நேரத்தில் அரசுப் பள்ளிக்கு மாற்றினால் பிள்ளைக்கு ஒரு கதவு திறந்தே இருக்கிறது. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில், 8 வரை ஆர்.டி.இ.யில் படித்துவிட்டு 9 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களும் அடக்கம்.

கேந்திரிய வித்யாலயா பற்றிக் கேட்பவர்களுக்கு: நாகர்கோவிலில் உள்ள கே.வி.யில் பொது இடங்களுக்குத் தூரம் பார்ப்பதில்லை, பெற்றோரின் வேலை வகைதான் முக்கியம். ஆர்.டி.இ. இடங்களுக்கு மட்டும் தூரம் உண்டு, மாவட்டத் தலைநகரங்களில் 5 கி.மீ., பிற இடங்களில் 8. அங்கே 1ஆம் வகுப்புக்கு மார்ச் 31 அன்று 6 வயது முடிந்திருக்க வேண்டும். மாநில அரசின் கணக்கோடு இதைக் கலந்துவிடாதீர்கள்.

மலைப்பக்கத்தைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. பேச்சிப்பாறை அணைக்கு அந்தப் பக்கம் உள்ள காணி பழங்குடியினர் குடியிருப்புகளுக்கு 1 கிலோமீட்டர், 3 கிலோமீட்டர் என்பதெல்லாம் தாளில் உள்ள எண்கள். பிள்ளைகள் படகில் நீர்த்தேக்கத்தைக் கடந்து வருகிற இடங்கள் அங்கே உண்டு. மழை பிடித்தால் அந்த நாள் பள்ளி இல்லை. நடந்து போகிற தூரத்தில் பள்ளி இல்லாத குடியிருப்புகளுக்குப் போக்குவரத்து வசதியும் வழித்துணையும் அரசு தர வேண்டும். உண்டு உறைவிடப் பள்ளியும் ஒரு வழி. அருகமைப் பள்ளி என்ற எண்ணம் உண்மையில் இந்தப் பிள்ளைகளுக்காகத்தான் பிறந்திருக்க வேண்டும். அவர்களுக்குத்தான் அது இன்னும் முழுதாகப் போய்ச் சேரவில்லை.

கடைசியாக, இப்போது எங்கள் மையத்துக்கு வரும் புதுவகைக் கேள்வி. நர்ஸ் வேலைக்கு இங்கிலாந்து போகிற நம்ம பிள்ளைகள் கேட்பது: "அண்ணே, அங்க கேட்ச்மென்ட் ஏரியா பாத்து வீடு எடுக்கணும்னு சொல்றாங்களே, அது என்ன?"

கேட்ச்மென்ட் என்றால் ஒரு பள்ளி தன் பிள்ளைகளுக்கு வகுத்துக்கொள்ளும் வசிப்பிட எல்லை. நம் 1 கிலோமீட்டருக்கும் அதற்கும் சொந்தம் உண்டு, ஆனால் விதி வேறு. அங்கே பணம் கட்டாத அரசுப் பள்ளியிலேயே இடத்துக்குப் போட்டி. நீங்கள் வசிக்கும் பகுதியின் கவுன்சில் (உள்ளாட்சி அமைப்பு) வழியாக விண்ணப்பிக்க வேண்டும். இடத்தை விட விண்ணப்பம் அதிகமானால் பள்ளி முன்கூட்டியே அறிவித்த வரிசைப்படி நிரப்பும். சிறப்புத் தேவைத் திட்டத்தில் அந்தப் பள்ளியின் பெயர் எழுதப்பட்ட பிள்ளைகளுக்கும் அரசுப் பராமரிப்பில் உள்ள பிள்ளைகளுக்கும் முதல் இடம். பிறகு அண்ணன் தங்கை ஏற்கெனவே படிப்பவர்கள், கேட்ச்மென்ட் எல்லைக்குள் இருப்பவர்கள், கடைசியில் தூரம் என்பது பொதுவாகக் காணும் வரிசை. இது பள்ளிக்குப் பள்ளி மாறும். பல கவுன்சில்கள் தூரத்தை நேர்கோட்டில் அளக்கின்றன, சில நடைபாதை வழியாக. நம்ம பாட்டி அங்கே இருந்திருந்தால் ஆற்றுக்கு அக்கரைப் பள்ளி அவருக்குக் கிடைத்தாலும் கிடைத்திருக்கும்.

தேதிகள் முக்கியம். இங்கிலாந்தில் தொடக்கப் பள்ளிக்கு ஜனவரி 15க்குள், உயர்நிலைப் பள்ளிக்கு அக்டோபர் 31க்குள் விண்ணப்பிக்க வேண்டும். முடிவு முறையே ஏப்ரல் 16, மார்ச் 1 வாக்கில் வரும். கல்வியாண்டு நடுவில் போய்ச் சேருகிறவர்கள் இடைக்காலச் சேர்க்கைக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அப்போது எந்தப் பள்ளியில் காலியிடம் இருக்கிறதோ அதுதான். எல்லைக்குள் வீடு எடுத்துவிட்டோம், இடம் நிச்சயம் என்று வாடகை முன்பணத்தைக் கொட்டாதீர்கள். கடந்த ஆண்டு எவ்வளவு தூரத்தில் உள்ள பிள்ளை வரைக்கும் இடம் கிடைத்தது என்பதைப் பல கவுன்சில்கள் வெளியிடுகின்றன. வீடு பார்க்கும்முன் அதைப் பாருங்கள். கத்தோலிக்கப் பள்ளி, சர்ச் பள்ளிகளில் சில, ஞானஸ்நானச் சான்றிதழும் போதகரின் கடிதமும் கேட்கும். இங்கிருந்து கிளம்பும்போதே பங்குக் கோயிலில் வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டால் நல்லது.

உள்ளூர் விண்ணப்பத்தில் சிக்கல் வந்தால் யாரிடம் போவது? முதலில் வட்டாரக் கல்வி அலுவலர். தனியார் பள்ளி இடம் மறுத்தால் தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலர், அதற்கும் மேல் நாகர்கோவிலில் முதன்மைக் கல்வி அலுவலர். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. திங்கட்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் கூட்டம் நடக்கும், அங்கேயும் மனு கொடுக்கலாம். எங்கே போனாலும் விண்ணப்ப எண் உள்ள அந்த ஒரு தாளைக் கொண்டுபோங்கள். நான் இரண்டு பிரதி எடுத்துத் தருவேன், ஒன்று பைக்கு, ஒன்று வீட்டு அலமாரிக்கு.